முதற்பரிசுக் கிணறு

ரிக்கற் புத்தகங்கள் யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே எங்கள் மாதர் சங்கத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

நான் அப்போது இலந்தையடிப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இலந்தையடி கரம்பொனுக்கு மேற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர். என் பெயர் சறோஜினிதேவி. ஊருக்குச் சறோ ரீச்சர். சங்கத்துக்குக் காரியதரிசியும் நான்தான். அறுபத்தேழாம் ஆண்டு மாசி மாதம். அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர், ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், வலியோடு மாட்டுவண்டியிலேயே செத்துப்போயிருந்தார்கள். ஊருக்குள் இரண்டு கட்டில் போட்ட பிள்ளைப்பேற்று விடுதி ஒன்று கட்டவேண்டும், மருத்துவிச்சி ஒருத்தியை அங்கேயே தங்கவைக்கவேண்டும் என்று சங்கம் தீர்மானம் எடுத்தது. வீடு வீடாகக் காசு தண்டிச் சலித்தபிறகு, அதிர்ஷ்டச் சீட்டு விற்று லொத்தர் நடத்துவோம் என்று சொன்னது நான். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்கு ஆறு தரம் அலைந்து அனுமதி வாங்கியதும் நான்.

சண்டை, ரிக்கற்றை எங்கே விற்பது என்பதில்.

“கோயிலடி, கடைத்தெரு, பள்ளிக்கூடம், லோஞ்சடி. இது காணும். பனங்கூடலுக்குள்ள ஏன் போவான்?” என்றார் இராசமணியக்கா. அவர் சங்கத்தின் பொருளாளர்.

பனங்கூடல் என்று அவர் சொன்னது மரமேறும் குடும்பங்கள் இருந்த பகுதியை. முப்பது வீடு இருக்கும். அந்தப் பெண்களும் எங்களைப் போலத்தான் பிள்ளை பெற்றார்கள். செத்த நான்கு பேரில் இரண்டு பேர் அங்கத்தையவர்கள்.

“கச்சேரி தந்த கடதாசியில பொதுமக்கள் எண்டு கிடக்கு. பொதுமக்கள் கோயிலடியில மட்டுமோ இருக்கினம்?” என்று கேட்டேன்.

“அவையளுக்குப் பரிசு விழுந்தால்?”

“விழுந்தால் எடுக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நாலாயிரம் ரிக்கற்றில் பனங்கூடலுக்குப் போகப்போவது ஐம்பதோ அறுபதோ. அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. தலைவி மீனலோசனி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் எதற்கும் வாய் திறக்காதவர் என்பதால் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவரைத் தலைவியாக்கியது அவருடைய கணவருக்காக என்பது ஊருக்கே தெரியும்.

கணவர் ஆழ்வாப்பிள்ளை பதுளையில் பெரிய கடை வைத்திருந்தார். கிராமசபைத் தேர்தலில் நிற்கும் எண்ணத்தோடு அந்த வருடம் ஊரோடு தங்கியிருந்தார். தைப்பொங்கலன்று கோயில் வீதியில் ஒலிபெருக்கி கட்டியபோது, கேட்காமலே எழுந்து மைக்கைப் பிடித்தார். “முதற்பரிசு என்ர பொறுப்பு. கிணத்தடி வளவு மூண்டு பரப்பும், கிணறும். ஆர் எடுத்தாலும் எழுதிக் குடுப்பன்!” என்றார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

தட்டினதற்குக் காரணம் இருந்தது. தீவுப்பகுதியில் காணி பெரிய விஷயமில்லை. நல்ல தண்ணீர்தான் பெரிய விஷயம். இலந்தையடியில் இருபது கிணறு இருந்தும் பதினெட்டு உவர். கிணற்றடி வளவுக் கிணறு ஆவணி வெயிலிலும் இனிக்கும். கோயிலடி வீடுகள் எல்லாம் அங்கேதான் அள்ளும். பனங்கூடல் பெண்களும் குடத்தோடு அங்கே வருவார்கள். அவர்கள் துலாக்கயிற்றைத் தொடக்கூடாது. கிணற்றுக் கட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். அள்ள வந்த யாராவது மனம் வைத்து அவர்களுடைய குடத்தில் ஊற்றிவிடுவார்கள்.

மாசியிலும் பங்குனியிலும் ரிக்கற் விற்றோம். நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம் புறப்படுகிற லோஞ்சடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்லைப்பிட்டிக் கோயில் பெருநாளில் மருத்துவிச்சி அந்தோனியம்மா தன் ஆட்களுக்குள்ளேயே நானூறு விற்றுத் தந்தார். காரைநகர் பஸ்ஸில், ஊர்காவற்றுறைச் சந்தையில், தபாலில் கொழும்புக் கடைகளுக்கு என்று எங்கும் போயின. ஒரு சனிக்கிழமை காலை பனங்கூடலுக்கும் போனேன்.

அங்கே முதலில் வாங்கியவர் அன்னப்பிள்ளை. வயது நாற்பத்தைந்துக்கு மேல். கணவர் பனையால் விழுந்து செத்து ஒன்பது வருடம். கிழங்கு, ஒடியல், பனங்கட்டி விற்று இரண்டு பெண்களை வளர்த்தவர். வண்டியில் செத்த அந்த நால்வரில் மூத்தவளும் ஒருத்தி. ஊரில் எல்லோரும் அவரை ‘அன்னி’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

“அன்னி, ஒரு ரிக்கற் எடன். ஒரு ரூவாதான்.”

அவர் ஒடியலை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“கட்டுற விடுதியில எங்கட பெட்டையளையும் கட்டிலில போடுவியளோ ரீச்சர்? இல்லாட்டி வெளி விறாந்தையோ?”

“கட்டிலிலதான்.”

“ஆர் சொன்னது?”

“நான் சொல்லுறன்.”

கையைச் சீலையில் துடைத்துவிட்டு உள்ளே போய் மூன்று ரூபாயோடு வந்தார். “மூண்டு தாங்கோ. எனக்குப் பரிசு வேண்டாம். அந்தக் கட்டில் வேணும்.”

அடிக்கட்டையில் எழுத, “முழுப்பேர் என்ன?” என்று கேட்டேன். அதைத் தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். “அன்னப்பிள்ளை. இளையதம்பி அன்னப்பிள்ளை.” அப்படியே எழுதினேன்.

சீட்டிழுப்பு வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குப் பாடசாலை முற்றத்தில் நடந்தது. அரசாங்கத்தின் சார்பில் காரியாதிகாரி வந்திருந்தார். அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு தேயிலைப் பெட்டியில் கொட்டி, சனங்கள் பார்க்க நாலு பேர் தூக்கிக் குலுக்கினோம். காரியாதிகாரி சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக் கையை விட்டார். மூன்றாம் பரிசு சைக்கிள் கரம்பொனுக்குப் போயிற்று. இரண்டாம் பரிசு தையல் மெசின் அல்லைப்பிட்டிக்கு. கடைசியாக முதற்பரிசு.

மைக் என்னிடம் இருந்தது. கட்டையை வாங்கி வாசித்தேன்.

“இலக்கம் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாலு. இளையதம்பி அன்னப்பிள்ளை, இலந்தையடி.”

முற்றம் எங்கும் கைதட்டல். எல்லோரும் முன்வரிசையில் இருந்த கடைக்காரர் அரியநாயகத்தின் தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கும் அன்னப்பிள்ளை என்றுதான் பெயர். ஆழ்வாப்பிள்ளை எழுந்து அவரிடம் போய்க் கைகூப்பினார். அந்த அம்மா திகைத்துப்போய், “நான் ரிக்கற் எடுக்கேல்லையே தம்பி,” என்றார்.

கைதட்டல் நின்றது. முற்றத்தின் கடைசியில், மதிலோடு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அது நான்.”

அன்னப்பிள்ளை ரிக்கற்றைத் தலைக்குமேல் பிடித்தபடி கூட்டத்துக்குள்ளால் நடந்து வந்தார். வழி விட்டார்கள். மரியாதைக்கு அல்ல, முட்டுப்படக்கூடாது என்று. காரியாதிகாரி இரண்டு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அவர் வெளியூர்க்காரர், என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. “பரிசு குடுக்கிறவர் கைகுடுக்கலாமே,” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். ஆழ்வாப்பிள்ளை இருந்த இடத்தில் இல்லை.

அடுத்தநாள் பாடசாலை விட்டதும் என்னை அவர் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். ஆழ்வாப்பிள்ளை சாய்மனைக் கதிரையில் இருந்தார். இராசமணியக்காவும் இருந்தார். மீனலோசனி குசினி வாசலில் நின்றார்.

“ரீச்சர், நான் குடுத்த வாக்கில நிக்கிற மனிசன்,” என்று ஆழ்வாப்பிள்ளை தொடங்கினார். “ஆனால் ஊர் எண்டு ஒண்டு கிடக்கு. நாளைக்கு அந்தக் கிணத்தில ஆர் அள்ளுறது? நான் ரெண்டாயிரம் ரூவா காசாத் தாறன். கடற்கரைப் பக்கம் மூண்டு பரப்பும் தாறன். நீர் படிச்ச பிள்ளை, போய்ப் பக்குவமாச் சொல்லும். சந்தோஷமா வாங்குவாள்.”

இராசமணியக்கா சொன்னார்: “இல்லாட்டி விடுதியும் இல்லை, ஒண்டும் இல்லை சறோ. ஊர் ரெண்டு படும். நீ பட்ட பாடெல்லாம் வீண்.”

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பிடித்தது. ஒன்றரை வருடம் அலைந்தது விடுதிக்காக. ஒரு கிணற்றுக்காக அது நின்றுபோக விடுவதா? இரண்டாயிரம் ரூபாய் அன்னிக்குப் பெரிய காசுதானே? அப்படி நினைத்தேன். இன்றைக்கும் எழுத வெட்கமாக இருக்கிறது. போனேன்.

அன்னப்பிள்ளை வேலிக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“இது நீங்கள் சொல்லுறதோ? அவர் சொல்லச் சொன்னதோ?”

“ரெண்டு பேருக்கும் பொதுவா யோசிச்சுப் பார் அன்னி. கடற்கரைக் காணியும்...”

“கடற்கரையில குடிக்க என்ன இருக்கு ரீச்சர்?” ஓலையைக் கீழே போட்டார். “நான் பதினொரு வயசில முதல் குடத்தோட அந்தக் கிணத்தடிக்குப் போனனான். எத்தினை வருஷம் நிண்டிருப்பன் எண்டு கணக்குப் பாருங்கோ. உங்கட அம்மா ஊத்தினவ. நல்ல மனிசி, கனநேரம் நிக்க விடமாட்டா. உங்கட சித்தி வந்தால் வெயில் உச்சிக்கு ஏறுமட்டும் நிக்கோணும். என்ர மூத்தவள் ஒருநாள் பொறுக்கேலாமல் கயித்தைத் தொட்டிட்டாள். ஒன்பது வயசு. கிணத்தை இறைச்சுக் கழுவினவை. அண்டைக்கு அங்க நிண்டு பாத்த ஆக்களில நீங்களும் ஒராள்.”

எனக்கு ஞாபகம் இருந்தது. ரீச்சர்ப் பயிற்சியில் இருந்து லீவுக்கு வந்திருந்த நேரம். பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான் பரிசுக்கு ரிக்கற் எடுக்கேல்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனால் விழுந்திட்டுது. விழுந்தது என்ர. ரெண்டாயிரம் இல்லை, பதுளைக் கடையை எழுதித் தந்தாலும் மாத்தமாட்டன். போய்ச் சொல்லுங்கோ.”

திரும்பி நடக்கத் தொடங்கியவள் வேலிப்பொட்டில் நின்றேன். “அன்னப்பிள்ளையக்கா,” என்றேன். அப்படி நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். “ரிக்கற்றைக் கவனமா வைச்சிருங்கோ. ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ. என்னட்டயும்.”

வீட்டுக்குப் போகவில்லை. நேரே, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு கதிர்காமுவிடம் போனேன். கிழவர் எதற்கும் அவசரப்படாதவர், சண்டை பிடிக்காதவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

“ஆழ்வாப்பிள்ளை மைக்கில ஆயிரம் சொல்லுவார். காணி அவரின்ர இல்லைப் பிள்ளை. மீனலோசனியின்ர சீதனம். அந்த உறுதியை எழுதினதே நான்தான். அவ கையெழுத்துப் போட்டால்தான் பாரம் குடுக்கலாம். ஆனால் புருஷன் எழுத்தில சம்மதம் தராமல் அவவும் தனிய எழுத ஏலாது. எங்கட சட்டம் அப்பிடி.”

“எழுத்தில சம்மதம் இருந்தால்?”

“இருந்தால் எழுதலாம். ஆனால் இனி அவர் தருவாரோ?”

“அவர் எப்பவோ தந்திட்டார்,” என்றேன்.

கச்சேரியில் அனுமதி கேட்டபோது, காணியைப் பரிசாகப் போடுகிறவர்கள் பிறகு கைவிரிக்கக்கூடாது என்று, காணிச் சொந்தக்காரியின் கடிதமும் கணவரின் சம்மதமும் கேட்டிருந்தார்கள். ‘மேற்படி காணியை முதற்பரிசு பெறுபவருக்கு என் மனைவி உறுதி முடித்துக் கொடுப்பதற்கு இத்தால் எனது பூரண சம்மதம்’ என்று ஆழ்வாப்பிள்ளை, இரண்டு சாட்சி முன்னிலையில், முத்திரை மேல் கையெழுத்துப் போட்டிருந்தார். வாசித்துப் பார்த்துப் போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அவருக்குத் தேர்தல் அவசரம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு யாழ்ப்பாணம் போனேன். கிளாக்கர் பின்னேரம் வரை காக்கவைத்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று தந்தார்.

அந்த வாரக் கடைசியில் சங்கக்கூட்டம் பாடசாலை மண்டபத்தில் கூடியது. சங்கத்தில் இல்லாத ஆழ்வாப்பிள்ளையும் வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் அன்னப்பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருந்தேன். அவர் வந்து கதவடியில் நின்றார். ‘உள்ளே வா’ என்றும் ஒருவரும் சொல்லவில்லை, ‘போ’ என்றும் சொல்லவில்லை.

இராசமணியக்கா எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். “முதற்பரிசு ரிக்கற்றில் உள்ள பெயரில் பிழை இருப்பதாலும், வாக்காளர் இடாப்பில் பனங்கூடலில் அன்னப்பிள்ளை என ஒருவர் இல்லை, அன்னி என்றே இருப்பதாலும், முதற்பரிசுச் சீட்டை மறுபடி இழுக்கவேண்டும்.”

“இடாப்பில பேரைக் கட்டையாக் குறுக்கி எழுதினது அவவின்ர பிழையோ?” என்று எழுந்தேன். “அடிக்கட்டையில பேர் எழுதினது நான். பேரை விடுங்கோ. இலக்கத்தைப் பாருங்கோ. ரிக்கற் அவவின்ர கையில கிடக்கு.”

“ரீச்சர், நீர் ஆரின்ர பக்கம்?” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“கச்சேரிக் கடதாசியின்ர பக்கம்.”

“வாய் கூடிப்போச்சு.”

“கூடத்தான் போகுது. மறுபடி இழுத்தியள் எண்டால், அண்டைக்கு நீங்கள் பிடிச்ச அதே மைக்கை நான் வாடகைக்கு எடுப்பன். நயினாதீவு லோஞ்சடியில தொடங்கிக் காரைநகர் மட்டும், ரிக்கற் எடுத்த ஒவ்வொரு ஊரிலயும் நிண்டு, ஏன் மறுபடி இழுக்கிறம் எண்டு சொல்லுவன். கொழும்புக்கு ரிக்கற் அனுப்பின விலாசமெல்லாம் என்னட்ட இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் கடிதம் போடுவன். கட்டாத விடுதிக்கு இலந்தையடி காசு வாங்கினது எண்டு உலகம் அறியட்டும்.”

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

“சரி, வாக்கெடுப்பம்,” என்று இராசமணியக்கா சொன்னார். “தலைவி சொல்லட்டும்.”

மீனலோசனி எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து பேசுவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சங்கத்தைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

“இது ஆரின்ர காணி?”

“என்ன கேள்வி இது? வீட்ட போய்க் கதைப்பம்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“இஞ்சதான் கதைக்கோணும். என்ர ஐயா எனக்குத் தந்த சீதனம். நீங்கள் மைக்கில குடுத்தது என்ர வளவை. என்னட்டக் கேக்கேல்லை. பிறகு கச்சேரிக் கடிதத்தை நீட்டினியள், பேசாமல் கையெழுத்து வைச்சனான், ஏனெண்டால் எனக்கும் அந்த விடுதி வேணும். என்ர மூத்த பிள்ளை அந்த ஊர்காவற்றுறை வண்டியிலதான் பிறந்து வண்டியிலதான் போனது. நீங்கள் பதுளையில இருந்தனியள். உங்களுக்குத் தந்திதான் வந்தது. எனக்குப் பிள்ளை மடியில கிடந்தது.”

அவருடைய குரல் உயரவில்லை. கதவடியில் நின்ற அன்னப்பிள்ளையைக் காட்டினார்.

“அவவின்ர மகளும் அந்த வழியிலதான் போனவள். குடுக்கேக்க நல்லவராய் இருந்திட்டு, விழுந்த இடம் பாத்துப் பறிக்க எனக்கு ஏலாது. மறுபடி இழுக்கத் தேவையில்லை. உறுதி நான் எழுதிறன்.”

ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். “எழுதுவியோ? நான் சம்மதியாமல் எழுத ஏலுமோ? போய்க் கதிர்காமுவைக் கேள்.”

நான் பிரதியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“இது லொத்தருக்குக் குடுத்தது.”

“ஓம். லொத்தர் முடிஞ்சுது,” என்றேன்.

அவர் எழுந்து போனார். போகும்போது கதிரை சரிந்து விழுந்தது. அதை நிமிர்த்த ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி ஒருவரிடம் போய் வழக்கு வைக்கலாமா என்று கேட்டாராம். கையெழுத்தைப் பார்த்த பிரக்கிராசி, பதுளைக்குப் போய்க் கடையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். அவர் அப்படியே போனார். தேர்தலில் நிற்கவில்லை.

உறுதி முடிக்கக் கதிர்காமு வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். விறாந்தையில் மூன்று கதிரை இருந்தன. கதிர்காமு ஒன்றைக் காட்டி மீனலோசனியை இருக்கச் சொன்னார், இன்னொன்றைக் காட்டி என்னை. பிறகு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அன்னப்பிள்ளை மூன்றாவதைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கதிர்காமு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறுதியை வாசித்தார்.

கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்தபோது அன்னப்பிள்ளை பேனையைக் கேட்டார். அல்லைப்பிட்டிப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு மட்டும் படித்தவர். ஒவ்வொரு எழுத்தாக, பேனை கடதாசியில் குத்தக் குத்த, முழுப்பெயரையும் எழுதினார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. அன்னப்பிள்ளை வளவில் குடில் போட்ட மூன்றாம் நாள், விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றில் கழிவெண்ணெய் மிதந்தது. துலாவை அடியோடு அரிந்து விழுத்தியிருந்தார்கள். நான் பொலிசில் முறைப்பாடு எழுதினேன். சாட்சி இல்லை.

செய்தி கேட்டுப் போனபோது அன்னப்பிள்ளையும், கலியாணம் முடித்திருந்த இளைய மகள் இரஞ்சிதமும், பனங்கூடல் ஆட்கள் இருபது பேரும் வாளிகளோடு வரிசையாக நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றேன். இரண்டு நாள் இறைத்தோம். அடிச்சேற்றை அள்ளினோம். சுவரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். மூன்றாம் நாள் ஊற்று வந்தது. அன்று மத்தியானம் மீனலோசனி தனியாக நடந்து வந்தார். கையில் புதுத் துலாக்கயிறு ஒரு சுருள்.

“அவர் என்னோட கதைக்கிறேல்லை,” என்று என்னிடம் சொன்னார். “கடிதமும் இல்லை.”

“கவலையோ?”

“வீடு அமைதியாய் இருக்கு,” என்றார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கோயிலடி வீடுகள் அந்தக் கிணற்றைத் தள்ளிவைத்தன. வண்டி பிடித்துத் தூரத்திலிருந்து பீப்பாயில் தண்ணீர் எடுத்தார்கள். ஆடி போயிற்று, ஆவணி வந்தது. மாடு களைத்தது, வண்டிக்காரன் கூலி கூட்டினான். ஒரு காலை நான் அங்கே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது இராசமணியக்கா குடத்தோடு வந்து கட்டுக்கு வெளியே நின்றார். அன்னப்பிள்ளை சாணி தட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னி... ஒரு குடம்...”

“அன்னப்பிள்ளை,” என்றார் அவர், எழும்பாமல்.

இராசமணியக்கா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “அன்னப்பிள்ளை, ஒரு குடம் அள்ளலாமோ?” என்றார்.

“கயிறு கிடக்கு, வாளி கிடக்கு. உள்ளுக்கு வந்து அள்ளுங்கோ. நான் ஒருத்தருக்கும் ஊத்தமாட்டன். ஒருத்தரும் வெளியில நிக்கவும் கூடாது.”

உள்ளே வருவதா, போவதா என்று இராசமணியக்கா நின்ற நேரம் எனக்கே நீளமாகத் தெரிந்தது. பிறகு உள்ளே வந்தார். அள்ளினார். எல்லோரும் வரவில்லை. சில வீடுகள் கடைசிவரை பீப்பாய்த் தண்ணீர்தான் குடித்தன. அது அவர்கள் விருப்பம்.

விடுதி கார்த்திகையில் திறந்தது. அந்தோனியம்மா அங்கேயே வந்து தங்கினார். முதல் மாதமே கட்டில் தகராறு வந்தது. ஒரே பகலில் மூன்று பேருக்கு வலி, இரண்டு கட்டில். கோயிலடிப் பிள்ளை கடைசியாக வந்தாள். அவளுடைய மாமியார், முதலே வந்து கட்டிலில் கிடந்த இரஞ்சிதத்தை இறக்கிப் பாயில் விடச்சொன்னார். அந்தோனியம்மா வாசலை மறித்துக்கொண்டு, “வலி வந்த ஒழுங்கிலதான் இஞ்ச கட்டில். உங்கட பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு. சத்தம் போட்டால் நாலு மணித்தியாலம்,” என்றார். அன்று மூன்று பிள்ளையும் சுகமாகப் பிறந்தன. இரஞ்சிதத்துக்குப் பெண்.

எனக்கு மாற்றம் தையில் வந்தது. யார் யாருக்கு எழுதினார்கள் என்று நான் தேடவில்லை. கடிதத்தில் சேவையின் தேவை கருதி என்று இருந்தது. நெடுந்தீவு. அந்தக் காலத்தில் ரீச்சர்மார் அழுதுகொண்டு போகிற இடம். காற்றுக் காலத்தில் மோட்டார் வள்ளம் நாள்கணக்கில் ஓடாது.

“பயந்திட்டாள் எண்டு சொல்லுவினம்,” என்றார் அன்னப்பிள்ளை. என் பெட்டியை பஸ் நிற்கும் இடம்வரை அவர்தான் தூக்கி வந்தார். நான் மறுத்தும் விடவில்லை.

“சொல்லட்டும்.”

“பயமோ?”

“இல்லை. கோபம்.”

“அப்ப சரி,” என்றார். “கோபத்தை வைச்சிருங்கோ. அங்க என்ன இல்லை எண்டு முதல் பாருங்கோ.”

பார்த்தேன். நெடுந்தீவில் எனக்குக் கிடைத்த அறை கடலைப் பார்த்தபடி இருந்தது. இரண்டாம் மாதம், மீன் வெட்டியபோது கை வெட்டுப்பட்டு நஞ்சேறிய ஒருவரை நான்கு நாள் கரையில் வைத்துக்கொண்டு வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். கடல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வள்ளம் வந்தபோது அவர் இல்லை. அவருடைய மனைவி மரியநாயகி கரையில் நின்று ஒருவரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கிழமைக்குப்பிறகு அவரைத் தேடிப்போனேன். நோயாளிகளுக்கென்று தனியாக, காற்றுக்குத் தாங்கக்கூடிய ஒரு லோஞ்ச் வேண்டும் என்றேன். அதற்கு ஒரு வழி தெரியும், ஆனால் சண்டை வரும் என்றேன்.

“சண்டை எனக்குப் பிரச்சினை இல்லை,” என்றார் மரியநாயகி. “என்ன செய்யோணும்?”

அன்று பின்னேரம் அவருடைய வீட்டு மேசையில் இருந்து கச்சேரிக்கு விண்ணப்பம் எழுதினேன். லொத்தரின் நோக்கம், பரிசுகள், இழுக்கும் திகதி எல்லாம் எழுதி, சீட்டு விற்கும் இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, நெடுந்தீவின் எல்லாக் குறிச்சிகளின் பெயர்களையும் மரியநாயகி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் விடாமல் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினேன்.